கடைசி வரிசைவரை சென்ற குரல்

வடசென்னையில் பணியேற்கும் எந்தக் குருவும் முதல் வாரத்திலேயே ஓர் உண்மையை உணர்ந்துவிடுகிறார். இங்கே மனிதக் குரல் பல ஓசைகளோடு போட்டியிட்டே பிழைக்க வேண்டும். ஒருபுறம் துறைமுகத்தின் கப்பல் ஊதல், மறுபுறம் எண்ணூர் நெடுஞ்சாலையில் இரவும் பகலும் உறுமிச் செல்லும் கன்டெய்னர் லாரிகள். காசிமேட்டில் விசைப்படகுகளின் எஞ்சின்கள். திருவொற்றியூரில் ஷிப்டு மாறும் நேரத்து ஆலைச் சங்கு. இவற்றுக்கு நடுவே தாய் பிள்ளையை அழைக்கிறாள். மீன் விற்கும் அம்மா விலை கூறுகிறார். குரு மறையுரை ஆற்றுகிறார். ஆகவே உரத்த குரல்மீது இம்மக்களுக்குத் தனியொரு மதிப்பு உண்டு. உரத்துப் பேசுவதை இங்கே எவரும் முரட்டுத்தனமாகக் கருதுவதில்லை. எதிரே இருப்பவருக்குக் கேட்க வேண்டும் என்ற அக்கறையாகவே அதைக் கொள்கின்றனர்.

அத்தகைய ஒரு குரலைப் பற்றியே இம்மாதம் வாசகர்களோடு சேர்ந்து சிந்திக்க விழைகிறோம். அது இசைமுரசு நாகூர் ஹனிபாவின் குரல். 1925 டிசம்பர் 25ஆம் நாள், கிறிஸ்து பிறப்பு விழாவன்று பிறந்த அவர், 2015 ஏப்ரல் 8இல் சென்னையில் இறையடி சேர்ந்தார். இசுலாமிய பக்திப் பாடல்களாலும் திராவிட இயக்க மேடைகளாலும் தமிழகம் முழுவதும் அறியப்பட்டவர். முரசு என்னும் பட்டம் அவருக்கு எத்துணைப் பொருத்தம்! முரசு அறைவது அருகில் இருப்பவனுக்காக அன்று, தொலைவில் இருப்பவனுக்காக.

நம் பங்கு இளைஞர்கள் சிலர் மேல்நாட்டு ராக் இசையில் ஆர்வம் மிக்கவர்கள். பெரும் விளையாட்டரங்குகளை ஒற்றைக் குரலால் நிரப்பும் பாடகர்களைப் பற்றி வியந்து பேசுவார்கள். ஒருநாள் அவர்கள், 1985 ஜூலை 13ஆம் நாள் இலண்டன் வெம்பிளி அரங்கில் ஃபிரெடி மெர்குரி பாடிய ஒளிப்பதிவை நமக்குப் போட்டுக் காட்டினர். எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட மக்கள். ஏறத்தாழ இருபது நிமிடங்கள். கூட்டமெல்லாம் ஒரே உடலாய் அசைகிறது. அந்தப் பாடகர் சிறுவயதில் நம் நாட்டுப் பஞ்சகனியில், புனித பேதுருவின் பெயர் தாங்கிய பள்ளியொன்றில் பயின்றவர் என்பதை அறிந்தபோது இளைஞர்களுக்குப் பெருமகிழ்ச்சி. நாம் அவர்களிடம் சொன்னோம்: "தம்பிகளே, இந்தக் கலை நமக்குப் புதிதன்று. உங்கள் தாத்தாக்கள் இதைத் திறந்தவெளி மைதானத்தில், மண் தரையில் அமர்ந்து கேட்டிருக்கிறார்கள்." அவர்கள் நம்பவில்லை. ஹனிபாவின் பாடல்களை வரிசையாக எடுத்து அவர்களோடு கேட்கத் தொடங்கினோம். நம் மனத்துக்கு நெருக்கமான சிலவற்றை இங்கே குறிப்பிடுகிறோம்.

முதலாவது, 'ஓடி வருகிறான் உதயசூரியன்' என்னும் கழகப் பாடல். நாம் எந்தக் கட்சிக்காகவும் இங்கே பரிந்து பேசவில்லை. அந்தப் பாடல் எத்தகைய மேடைக்காகப் பிறந்ததோ, அந்த மேடையைப் பற்றியே பேசுகிறோம். இராயபுரம் ராபின்சன் பூங்காவில் 1949 செப்டம்பரில், கொட்டும் மழையில் கூடிய கூட்டத்தில்தான் திராவிட முன்னேற்றக் கழகம் தன் முதல் பொதுக்கூட்டத்தை நடத்தியது. அத்தகைய திறந்தவெளிக் கூட்டங்களில் சுவரும் இல்லை, கூரையும் இல்லை. குரலைத் திருப்பித் தருவதற்கு எதுவுமே இல்லை. பாடுகிறவர் வெளியிடும் ஓசை போனது போனதுதான். அந்த வெட்டவெளியில், மரக்கிளையில் கட்டிய குழாய் ஸ்பீக்கர் வழியே ஒவ்வொரு சொல்லும் சிதையாமல் போய்ச் சேர்ந்தது என்றால், அது குரல்வளத்தால் மட்டும் நேர்ந்ததன்று. உச்சரிப்பின் ஒழுக்கத்தாலும் நேர்ந்தது. குழாய் ஸ்பீக்கர் கனத்த ஓசைகளை விழுங்கிவிடும். உயர்ந்த, கூர்மையான ஓசைகளையே வெளியே தள்ளும். ஹனிபாவின் உச்சஸ்தாயிக் குரல் அந்தக் குழாய்க்கென்றே வார்த்தது போல் இருந்தது.

இரண்டாவது, 1961இல் வெளிவந்த 'பாவ மன்னிப்பு' திரைப்படத்தில் டி.எம். சௌந்தரராஜனோடு அவர் பாடிய 'எல்லோரும் கொண்டாடுவோம்'. இந்துவாகப் பிறந்து இசுலாமியர் இல்லத்தில் வளர்ந்த ரஹீமின் கதை அது. கண்ணதாசன் எழுத, விஸ்வநாதன்–ராமமூர்த்தி இசையமைத்தனர். இரண்டு குரல்களும் மாறி மாறி வரும்போது கூர்ந்து கேளுங்கள். சௌந்தரராஜனின் குரல் தேர்ந்த தச்சன் இழைத்த மரம்போல் வழவழப்பானது. ஹனிபாவின் குரலில் இழைப்புளி படாத ஓரம் ஒன்று இருக்கிறது. அந்த ஓரமே நம் செவியில் பதிகிறது. ஒன்றையொன்று விழுங்காமல் இரண்டும் அருகருகே நிற்பதைக் கேட்கும்போது, கதை சொல்ல வந்த சமய நல்லிணக்கம் குரல்களிலேயே நிகழ்ந்துவிடுகிறது.

மூன்றாவது, 1997இல் பாலு மகேந்திராவின் 'ராமன் அப்துல்லா' திரைப்படத்திற்காக இளையராஜா இசையில் பாடிய 'உன் மதமா என் மதமா'. அப்போது அவருக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது. குரலில் வயது தெரிகிறது. சில இடங்களில் மூச்சு குறுகுகிறது. எனினும் சொல் குறையவில்லை. மூச்சு தளரும்போது பெரும்பாலான பாடகர்கள் சொல்லின் கடைசி எழுத்தைக் கைவிட்டு இராகத்தைக் காப்பாற்றிக்கொள்வர். இவர் இராகத்தை ஒருகால் விட்டாலும் எழுத்தை விடுவதில்லை.

நான்காவது, அனைவரும் அறிந்த 'இறைவனிடம் கையேந்துங்கள்'. அதைப் பற்றி எழுதவே இக்கட்டுரையைத் தொடங்கினோம். அதற்குமுன் நம் பங்கைச் சேர்ந்த ஒரு முதியவரைப் பற்றிக் கூற வேண்டும்.

அவர் ஆலையொன்றின் பிரஸ் ஷாப்பில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் உழைத்து ஓய்வு பெற்றவர். இரும்புத் தகட்டின்மேல் இயந்திரம் இறங்கும் ஓசையில் அவருடைய செவித்திறன் சிறிது சிறிதாகக் கரைந்துபோயிருந்தது. ஆலை இரைச்சல் செவியைத் தாக்கும்போது முதலில் அழிவது உயர்ந்த ஓசைகளைக் கேட்கும் திறனே என்று மருத்துவர் கூறுவர். அகர இகர உயிரோசைகள் கேட்கும். ச, த, ப போன்ற மெய்யோசைகள் மங்கிவிடும். யாரோ பேசுகிறார் என்பது தெரியும்; என்ன பேசுகிறார் என்பது தெரியாது. இது நம் தொழிற்பேட்டைகளின் வீடுகளில் பலரும் வாய்விட்டுக் கூறாத ஊனம். மனைவி இரண்டு முறை சொல்லி மூன்றாம் முறை சலித்துக்கொள்கிறாள். பேரன் பேச்சை நிறுத்திவிடுகிறான். முதியவர் புரிந்ததுபோல் தலையசைத்து ஒதுங்கிவிடுகிறார்.

அவர் ஞாயிறுதோறும் ஆலயத்தின் கடைசி வரிசையில் அமர்வார். ஒருநாள் நம்மிடம், "சாமி, நம்ம கோயில்ல பாட்டு கேட்குது, வார்த்தை கேட்கல" என்றார். பாடகர் குழுவுக்குப் புதிய ஒலியமைப்பு வாங்கியிருந்த சமயம் அது. கீபோர்டும் எதிரொலிக் கருவியும் சேர்ந்து முழங்க, உயர்ந்த கூரையில் ஓசை சுழன்று திரும்ப, ஒவ்வோர் அசையும் அடுத்த அசையின்மேல் ஏறிக் குழைந்துவிடும். "வீட்டில என்ன கேட்பீங்க?" என்று வினவினோம். "ஹனிபா பாய் பாட்டு. அவர் பாடினா ஒரு வார்த்தைகூடத் தப்பாது சாமி" என்றார். ஆண்டுதோறும் செப்டம்பர் 8 பெருவிழாவுக்காக வேளாங்கண்ணிக்கு நடைப்பயணமாகச் சென்றவர் அவர். கடற்கரைச் சாலையில் செல்லும் திருப்பயணிகளுக்கு நாகப்பட்டினத்திற்கு முன்பே நாகூர் வந்துவிடும். தர்காவின் ஐந்து மினாராக்களைக் கண்டதும் சற்று நின்று கும்பிட்டுவிட்டுத்தான் அன்னையிடம் போவாராம்.

சில ஆண்டுகளுக்குமுன் அவர் மறைந்தார். உடல் வீட்டில் கிடத்தப்பட்டிருந்த இரவு, அவர் விரும்பிய அந்தப் பாடலைப் போடலாமா என்று மகன் நம்மிடம் கேட்டார். அருகிலிருந்த பெரியவர் ஒருவர், "பாய் வீட்டுப் பாட்டை நம்ம சாவு வீட்டில போடறதா?" என்று முகம் சுளித்தார். திருப்பலிக்கும் அடக்கச் சடங்குக்கும் திருச்சபை வகுத்த ஒழுங்கு உண்டு. அதில் நாம் கைவைக்கவில்லை. ஆனால் செபமாலைக்கும் செபமாலைக்கும் இடைப்பட்ட நேரத்தில், இறந்தவர் நேசித்த ஒரு பாடல் அவர் இல்லத்தில் ஒலிப்பதில் என்ன குறை? இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 அக்டோபர் 28ஆம் நாள் வெளியிட்ட பிற சமயங்கள் பற்றிய அறிக்கை, ஒரே இறைவனைத் தொழும் இசுலாமியரைத் திருச்சபை மதிப்போடு நோக்குகிறது என்று கூறுகிறது. இதை எடுத்துச் சொன்னோம். பெரியவர் முழு மனத்தோடு ஏற்றார் என்று கூற இயலாது, ஆயினும் அமைதியானார்.

பாடல் ஒலித்தது. முடிந்ததும் முதியவரின் துணைவியார் நம்மை நோக்கி, "சாமி, கையேந்துங்கன்னு பாட்டு சொல்லுது. இவரும் வாழ்நாள் பூரா ஏந்தினாரு. காதும் திரும்பல; உயிரும் நிக்கல. அப்போ பாட்டு பொய்யா?" என்று கேட்டார்.

குருமடத்தில் விண்ணப்ப மன்றாட்டு பற்றி நாம் படித்ததுண்டு. இறைவன் சில வேளை தருகிறார், சில வேளை மறுக்கிறார், சில வேளை காத்திருக்கச் சொல்கிறார் என்னும் விடையை எத்தனையோ பேருக்குச் சொல்லியும் இருக்கிறோம். அவ்விடை தவறன்று. ஆனால் அந்த வீட்டில், அந்தத் தாயின் முன்னே அதைச் சொல்ல நமக்கு வாய் வரவில்லை. பாடலை மறுபடியும் மனத்துள் கேட்டுப் பார்த்தோம். அப்போது ஒன்று புலப்பட்டது. அந்தப் பாடலின் சொற்கள் உறுதி கூறுகின்றன. குரலோ இன்னும் இரந்துகொண்டே இருக்கிறது. பெற்றுவிட்டவன் அப்படிப் பாடமாட்டான். வாசலில் நிற்பவனே அவ்வளவு உயரத்திற்குக் குரலை எழுப்புவான். "அம்மா, பாடினவரும் கையை இன்னும் மடக்கல, நீட்டினபடியேதான் பாடறார். உங்க வீட்டுக்காரரும் கையை மடக்காமலே போயிருக்கார். அவர் நின்ன இடம் சரியான இடந்தான்" என்றோம். அவர் ஒன்றும் சொல்லவில்லை. சிறிது நேரம் கழித்து மகனிடம், "இன்னொரு தடவை போடுப்பா" என்றார்.

புனித அகுஸ்தினார் தம் 'அறிக்கைகள்' நூலின் பத்தாம் பகுதியில் ஆலய இசையைப் பற்றி நெடிது கவலைப்படுகிறார். பாடப்படும் பொருளைவிடப் பாடும் குரல் தம்மை அதிகமாக ஈர்த்துவிடுகிறதோ என்பதே அவருடைய அச்சம். அலெக்சாந்திரியாவின் அத்தனாசியார், திருப்பாடலைப் பாடுகிறவர் பேச்சுக்கு நெருக்கமாகவே இசைக்க வேண்டும் என்று ஒழுங்கு செய்ததையும் அங்கே நினைவுகூர்கிறார். எனினும் இசையை விலக்கிவிட அவருக்கு மனம் இல்லை. தம் மனமாற்றத்தின் தொடக்கக் காலத்தில் அதே பாடல்கள் தமக்குக் கண்ணீர் வரவழைத்ததை அவர் மறக்கவில்லை. ஹனிபாவின் பாடல்களைக் கேட்கும்போது அகுஸ்தினாரின் கவலைக்கு ஒரு மறுமொழி கிடைப்பதாகவே நமக்குத் தோன்றுகிறது. குரல் அழகாய் இருப்பது ஆபத்தன்று. அது சொல்லுக்கு முன்னால் வந்து நின்றுகொள்வதே ஆபத்து. அவருடைய குரல் சொல்லின் பின்னே நின்று அதைத் தோளில் தூக்கிக் காட்டுகிறது. கூட்டத்தில் தந்தை தன் குழந்தையைத் தூக்கித் தேர் காட்டுவதில்லையா, அதுபோல.

கெனசரேத்து ஏரிக்கரையில் மக்கள் நெருக்கியடித்தபோது, ஆண்டவர் சீமோனின் படகில் ஏறி, கரையிலிருந்து சற்றே தள்ளச் சொல்லி, அதில் அமர்ந்து போதித்தார் என்று லூக்கா எழுதுகிறார். நீரின்மேல் குரல் நெடுந்தூரம் செல்லும் என்பதை மீனவர்கள் அறிவர். இராயப்பர் என்னும் அந்தச் சீமோனின் பெயரையே தாங்கி நிற்பது நம் இராயபுரம். அன்றைய கூட்டத்திலும் பின்னால் நின்ற ஒருவன் இருந்திருப்பான். ஒருவேளை அவனுக்கும் செவி மந்தமாக இருந்திருக்கலாம். படகைத் தள்ளச் சொன்னது அவனுக்காகவும்தான் என்று எண்ண நமக்குப் பிடித்திருக்கிறது. ஆலயத்தின் பின்னே நின்று, கண்களை உயர்த்தத் துணியாமல் மன்றாடிய வரிதண்டுபவரையும் இங்கே எண்ணிப் பார்க்கிறோம். கடைசி வரிசை வெறும் இருக்கை வரிசையன்று. வெட்கப்பட்டவர்களும் களைத்தவர்களும் கேட்காதவர்களும் அங்கேதான் வந்து அமர்கின்றனர்.

நம் பங்கில் இப்போது ஒரு சிறு வழக்கம் ஏற்பட்டிருக்கிறது. பாடகர் குழு பயிற்சி செய்யும்போது, அவர்களுள் ஒருவர் தாளும் புத்தகமும் இன்றி ஆலயத்தின் கடைசித் தூணருகே சென்று நிற்கிறார். ஒரு பாடலைக் கேட்டு முடித்ததும், தாம் கேட்ட சொற்களை உரக்கத் திருப்பிச் சொல்ல வேண்டும். சொல்ல இயலாத வரியை மீண்டும் பாடுகிறார்கள். எதிரொலிக் கருவியை இளைஞர்களே குறைத்துவிட்டார்கள். சென்ற மாதம் அவ்வாறு நின்ற சிறுமி ஒருத்தி, எல்லா வரிகளையும் சொல்லிவிட்டு, ஒரு சொல்லில் மட்டும் தயங்கி, "அது 'வாரும்'மா, 'தாரும்'மா?" என்று கேட்டாள். குழுவினர் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துவிட்டு, அந்த வரியை முதலிலிருந்து எடுத்தார்கள்.