டெக்ரிப்பிட் அப்பா

ஆபீஸில் 2 நாள் லீவு வேண்டியிருந்தது. அப்பாவை முட்டிவலிக்கு டாக்டரிடம் காட்டணும். வெறுமனே 'வயதான அப்பா' என்று எழுதினால் மேனேஜர் மசியமாட்டார். கொஞ்சம் கனமாக இருக்கட்டுமே என்று 'மை டெக்ரிப்பிட் ஃபாதர்' என்று எழுதி, மேஜை மேல் வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன்.

திரும்பி வந்தால் அப்பா கையில் லெட்டர்! 33 வருஷம் கிளார்க் உத்தியோகம் பார்த்தவர். எந்தக் காகிதம் கிடைத்தாலும் திருத்தாமல் விடமாட்டார்.

"டெக்ரிப்பிட்னா என்னடா அர்த்தம்?"

"வயசாயிடுச்சுன்னு..."

"டிக்‌ஷனரியை எடு."

எடுத்தேன். தள்ளாத கிழவர், சிதிலமான கட்டடம், இரண்டுக்கும் அதே வார்த்தைதான். "நான் என்ன இடிஞ்ச சத்திரமாடா?" என்று சிரித்தார். சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது.

சமாளிப்பதற்காக வார்த்தையின் பூர்வீகத்தை எடுத்துவிட்டேன். லத்தீனில் 'க்ரெபாரே' என்றால் சடசடவென்று ஒலிப்பது, விரிசல் விடுவது. அதிலிருந்து 'டெக்ரெபிட்டஸ்'. 15-ம் நூற்றாண்டில் பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து சேர்ந்தது.

அப்பா 'ஓகோ' என்றார். சிவப்பு மைப் பேனாவை எடுத்து அந்த ஒரு வார்த்தையை மட்டும் அடித்துவிட்டு லெட்டரைத் திருப்பிக் கொடுத்தார். அப்படியே காப்பி எடுத்துக் கொடுத்தேன். லீவு கிடைத்தது.

டாக்டர் அப்பாவின் முழங்காலை மடக்கி நீட்டினார். உள்ளே நறநறவென்று சத்தம். 'க்ரெபிட்டஸ்' என்று சீட்டில் எழுதினார். அப்பா எட்டிப் பார்த்து, "உன் வார்த்தைக்குச் சொந்தக்காரன் போலிருக்கே!" என்றார்.

நிஜம்தான். ஒரே வேர்.

ஆட்டோவில் வரும்போது இன்னொன்றும் சொன்னேன். ஆடிட்காரர்கள் 'டிஸ்க்ரெபன்ஸி' என்று நம் உயிரை எடுக்கிறார்களே, அதுவும் அதே குடும்பம். சுருதி சேராமல் தனியாக ஒலிப்பது என்று லத்தீனில் அர்த்தம்.

அப்பா கொஞ்ச நேரம் வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.

"33 வருஷத்துல என் கணக்குல ஒரு டிஸ்க்ரெபன்ஸி வந்ததில்லைடா. இப்ப கால்ல வந்திருக்கு."

என்ன பதில் சொல்வது? முட்டியில் கை வைத்துக்கொண்டேன். வேகத்தடையில் ஆட்டோ குதிக்கும்போது வலிக்குமே!

போன வாரம் பிசியோதெரபிக்காக மறுபடி லீவு லெட்டர். இந்தத் தடவை நானாகவே 'மை ஃபாதர்' என்று மட்டும் எழுதினேன். மேனேஜர் படித்துவிட்டு நிமிர்ந்தார்.

"அப்பாவுக்கு இப்ப எப்படிய்யா இருக்கு?" என்று கேட்டுக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.