ஓசூரிலிருந்து, படபடப்பு பற்றி

அன்புள்ள தோழி,

அக்கா வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். ஓசூர் கிட்டத்தட்ட 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால் வெயில் உறைக்கவில்லை. சந்திரசூடேஸ்வரர் மலைக்கோயில் படி ஏறினேன். மூச்சு வாங்கியதே தவிர நெஞ்சு ஒழுங்காகவே அடித்தது. ராத்திரி உட்கார்ந்து பூண்டு உரிக்கும்போதுதான் படபடப்பு ஆரம்பித்தது. உனக்கு வருவதுபோலவே, முன்னறிவிப்பே இல்லாமல் தடதடவென்று.

மாமா உடனே ஆட்டோ பிடித்தார். அடங்குவதற்குள் பக்கத்து நர்சிங் ஹோமில் ஈசிஜி எடுத்துவிட்டார்கள். நிமிஷத்துக்கு 190. சும்மா இருக்கையில் 60 முதல் 100 வரை இருக்க வேண்டியது! இத்தனை வருஷம் மருத்துவர்கள் "டென்ஷன், நன்றாகத் தூங்குங்கள்" என்றே அனுப்பிக்கொண்டிருந்தார்கள். 24 மணி நேரம் துடிப்பைப் பதிவு செய்யும் ஹோல்டர் கருவி மாட்டிக்கொண்ட நாளில் ஒருமுறைகூட வரவில்லை. வரும்போதே பிடித்தால்தான் இது பிடிபடும். நமக்குத் தேவைப்பட்டது அந்த ஒரு ஈசிஜித் தாள்தான்.

அதை எடுத்துக்கொண்டு கர்நாடக எல்லை தாண்டிப் போய், இதயத் துடிப்புக் கோளாறுக்கென்றே இருக்கும் மருத்துவரைப் பார்த்தேன். எஸ்விடி, அதாவது திடீரென இதயம் வேகமெடுக்கும் துடிப்புக் கோளாறு என்றார். இதயத்தின் மேலறைகளிலிருந்து கீழறைகளுக்கு மின்சாரம் போக ஒரு வழிதான் இருக்க வேண்டும். சிலருக்குக் கூடுதலாக இன்னொரு வழி இருக்கிறது. மின்சாரம் ஒன்றில் இறங்கி மற்றொன்றில் ஏறி, செக்குமாடுபோல அங்கேயே சுற்றுகிறது. இதில் ஒரு வகை ஆண்களைவிடப் பெண்களுக்கே அதிகம் வருகிறதாம். பயம் என்று சொல்லித் திருப்பி அனுப்பப்படுவதும் பெண்கள்தானே!

வரும்போது செய்ய ஒன்று சொல்லிக்கொடுத்தார். சாய்ந்து உட்கார்ந்து 15 விநாடி மூச்சைப் பிடித்து முக்கிவிட்டு, உடனே மல்லாந்து படுக்க வேண்டும். கூட இருப்பவர் காலை உயர்த்திப் பிடிக்க வேண்டும். 2015இல் இங்கிலாந்தில் நடந்த ஆய்வில் நூற்றுக்கு 43 பேருக்கு இதிலேயே நின்றிருக்கிறது. வெறுமனே முக்கியவர்களில் 17 பேருக்குத்தான். மருத்துவரைக் கேட்காமல் நீ செய்து பார்க்காதே. மாத்திரை உண்டு. நிரந்தரமாகத் தீர வேண்டுமென்றால் அப்ளேஷன்: தொடை இடுக்கு ரத்தக்குழாய் வழியாக மெல்லிய கம்பியை இதயத்துக்குள் செலுத்தி, அந்த வேண்டாத வழியைச் சுட்டுவிடுவார்கள். பத்தில் ஒன்பது பேருக்கு மேல் குணமாகிறது. நான் சம்மதித்துவிட்டேன்.

அக்கா வீட்டு மாடியில் சிப்காட் தொழிற்பேட்டைக் கம்பெனிகளுக்குப் போகும் பெண்கள் குடியிருக்கிறார்கள். நைட் ஷிப்ட், டீ, அரைத் தூக்கம். என் கதையைக் கேட்டதும் இரண்டு பேர் "எனக்கும் அடிக்குது அக்கா" என்றார்கள். எல்லாருக்கும் எஸ்விடியாக இருக்காது. ரத்தசோகையிலும் தைராய்டிலும் இப்படி அடிக்கும். சாதாரண ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். அதற்குக்கூட ஒரு நாள் சம்பளத்தை விட வேண்டியிருக்கிறது என்பதுதான் எனக்கு ஆறவில்லை.

இதே கிருஷ்ணகிரி மாவட்டத்தில், சூளகிரி பக்கம் சாமனப்பள்ளியில்தான் 2021 ஆகஸ்டில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் தொடங்கியது. சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் வீட்டு வாசலிலேயே மாத்திரை கிடைக்கிறது, நல்ல காரியம். கிருஷ்ணகிரிக்கு 2022இல் அரசு மருத்துவக் கல்லூரியும் வந்துவிட்டது. ஆனாலும் இதயம் என்றால் ஓசூர்க்காரர்களின் கால் ஜூஜூவாடி தாண்டி அத்திப்பள்ளி பக்கம்தான் திரும்புகிறது. பொம்மசந்திராவில் நாராயணா மருத்துவமனை, பெங்களூரு பன்னேர்கட்டா சாலையில் கர்நாடக அரசின் ஜெயதேவா இதய மருத்துவமனை. ராத்திரி ஷிப்டில் நெஞ்சு அடித்துக்கொண்டால் அங்கேயே ஈசிஜி எடுக்க சிப்காட்டுக்குள் ஒரு இடம் வேண்டும். பார்க்கிறவர்களிடமெல்லாம் இதைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

நீ செய்ய வேண்டியது இதுதான். அடுத்த முறை வந்தால் அடங்கட்டும் என்று படுத்துவிடாதே. எந்த ஊரில் இருந்தாலும் பக்கத்தில் ஈசிஜி எடுக்கும் இடத்துக்குப் போ. மயக்கம், நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் இருந்தால் 108தான். எல்லைக்கு அந்தப் பக்கமும் அதே எண். பீரோவில் வைத்திருக்கும் பழைய ஈசிஜித் தாள்களை இன்றைக்கே ஜெராக்ஸ் எடுத்துவிடு. அந்தத் தாளில் கோடுகள் நாளாக நாளாக மங்கிவிடும். மருத்துவர் முதலில் கேட்பது அதைத்தான்.

அன்புடன்,
உன் தோழி