சாமி படத்தை ஆத்துல விட்டவன் நான்தான்

பதிவு கொஞ்சம் நீளம். நேரம் இருக்கும்போது பொறுமையா படிங்க.

போன ஞாயிறு ஆத்தங்கரையில நடந்த கோத்தோங் ரோயோங் படங்களை நம்ம கோயில் வாட்சாப் குழுவில போட்டதும் நிறைய பேர் கைகூப்பி அனுப்பியிருந்தீங்க. "நல்ல தொண்டு அண்ணே", "முருகன் உங்களைக் கைவிட மாட்டான்"னு எழுதியிருந்தீங்க. நன்றி. ஆனா அந்தப் பாராட்டை வாங்கிக்க எனக்குக் கூச்சமா இருக்கு. ஏன்னு சொல்லத்தான் இதை எழுதறேன்.

நம்ம கோயில் அரசமரத்தடியை எல்லாருக்கும் தெரியும். வீடு மாறுறவங்க, புதுப் படம் வாங்கினவங்க, கண்ணாடி உடைஞ்ச படத்தை வீட்டுல வெச்சுக்க பயப்படுறவங்க எல்லாம் பழைய சாமி படத்தை அங்கே சாய்ச்சு வெச்சிட்டுப் போவாங்க. வருசத்துக்கு இரண்டு தடவை, தீபாவளிக்கு முன்னாலயும் பொங்கலுக்கு முன்னாலயும், அதையெல்லாம் யாராவது அப்புறப்படுத்தணும். என்கிட்ட வேன் இருந்தது. அதனால அந்த வேலை என்கிட்ட வந்தது.

அரிசிச் சாக்குல படங்களை அடுக்கி, நீல நிற ராஃபியா கயிறு போட்டுக் கட்டி, வேன்ல ஏத்தி, பாலத்து மேல நின்னு ஒரு கும்பிடு போட்டு ஆத்துல விடுவேன். ஒன்பது வருசம் செஞ்சேன். குப்பைத் தொட்டியில போடல, ஓடுற தண்ணியில விட்டோம்னு மனசுக்கு நிம்மதியா இருக்கும். வீட்டுக்கு வந்து குளிச்சிட்டுச் சாப்பிடுவேன்.

எட்டு வருசத்துக்கு முன்னால பக்கத்துத் தாமான் குடியிருப்பாளர் சங்கம் ஆத்தைச் சுத்தம் பண்ணக் கூப்பிட்டாங்க. கோயில் சார்பா நாங்க பன்னிரண்டு பேர் போனோம். மலாய்க்காரங்க, சீனர்கள், நம்ம ஆளுங்க எல்லாம் கலந்து முழங்கால் வரைக்கும் சேத்துல நின்னோம். பாலத்துக்குக் கீழ்ப்பக்கம் ஒரு வளைவு இருக்கு. அங்கே மூங்கில் வேர்ல நிறைய சாக்கு மாட்டிக் கிடந்தது.

ஒரு வயசான மலாய்க்காரர், பாக்சிக், ஒரு சாக்கை இழுத்தார். அது கிழிஞ்சு உள்ளே இருந்த படம் தெரிஞ்சது. மகாலட்சுமி. பாதி முகம் சேறு. அவர் உடனே கையை எடுத்துட்டார். சுத்திப் பார்த்து, என் நெத்தியில திருநீறு இருக்கிறதைக் கவனிச்சு, என்னைக் கூப்பிட்டு மலாயில கேட்டார்: "இது உங்க சாமிதானே? நான் தொடலாமா?"

எனக்கு அப்பவே நாக்கு ஒட்டிக்கிச்சு. கிட்டப் போய்ப் பார்த்தா, சாக்குல நீல ராஃபியா. முடிச்சையும் பார்த்தேன். எங்க அப்பா தோட்டத்துல ஒட்டுப்பால் மூட்டைக்குப் போடுற முடிச்சு அது. இரண்டு சுத்து, ஒரு மடக்கு. அவர்கிட்டதான் நான் கத்துக்கிட்டேன். அந்தக் கூட்டத்துல அப்படி முடிச்சுப் போடுற ஆள் நான் ஒருத்தன்தான்.

அன்னைக்கு ஏழு மூட்டை எடுத்தோம். ஏழும் என்னோடது. யார்கிட்டயும் சொல்லல. இப்பதான் சொல்றேன்.

ஆத்துல விட்டா கரைஞ்சிடும்னு நாம நினைக்கிறோம். நம்ம பாட்டன் பூட்டன் காலத்துல கரைஞ்சிருக்கும். களிமண் பிள்ளையாரு, வாழை இலை, பூ, இதெல்லாம் கரையும். இன்னைக்கு நாம விடுறது கண்ணாடி, அலுமினியச் சட்டம், பிளாஸ்டிக் ஒட்டின படம், ஜிகினா மாலை. எது கரையும்? நம்ம ஆறு கிள்ளான் ஆத்துல போய்ச் சேருது. கிள்ளான் ஆறு சுமார் 120 கிலோமீட்டர் ஓடி, கோலாலம்பூரைத் தாண்டி, கிள்ளான் துறைமுகத்துப் பக்கம் மலாக்கா நீரிணையில கலக்குது. அந்த ஆத்துக் குப்பை கடலுக்குப் போகாம தடுக்க 2019ல வெளிநாட்டு அமைப்பு ஒண்ணு தனியா ஒரு இயந்திரப் படகையே கொண்டுவந்து நிறுத்துச்சு. அந்தப் படகு அள்ளின குப்பையில நம்ம லட்சுமியும் இருந்திருப்பாங்களோன்னு நான் பல நாள் யோசிச்சிருக்கேன்.

மறுநாள் குருக்கள் ஐயாகிட்டப் போனேன். "பாவம் பண்ணிட்டேனா ஐயா"ன்னு கேட்டேன். அவர் சிரிச்சார். "பூசை முடியும்போது யதாஸ்தானம் பண்றோமே, எதுக்கு? வந்த தெய்வத்தை அவங்க இடத்துக்கு மரியாதையா அனுப்பி வைக்கிறதுக்கு. அனுப்பினதுக்கு அப்புறம் அது காகிதமும் கண்ணாடியும்தான். அதை எங்கே போடுறதுங்கிறது உன் பொறுப்பு. ஆத்தோட பொறுப்பு இல்ல"ன்னார்.

இப்ப எப்படிச் செய்யறோம்னு சொல்றேன். உங்க கோயிலுக்கும் உதவலாம். மாசத்துல ஒரு சனிக்கிழமை, சேர்ந்த படங்களுக்குக் குருக்கள் தீபம் காட்டி விடை கொடுத்திடுவார். அதுக்கப்புறம் நாங்க உட்கார்ந்து பிரிப்போம். கண்ணாடி தனி. அலுமினியமும் இரும்பும் தனி, அது பழைய இரும்புக் கடைக்கு. நல்லா இருக்கிற மரச்சட்டத்தைத் துடைச்சு வெச்சிட்டா யாராவது புதுப் படம் போட எடுத்துக்குவாங்க. வெறும் காகிதமா இருந்தா ஊற வெச்சு நந்தவனத்துல புதைப்போம். பிளாஸ்டிக் ஒட்டின படத்தை எரிக்க மாட்டோம், புகை கெட்டது. அதைத் தனியாக் கட்டி முறையாக் குப்பை லோரிக்கு அனுப்புறோம். ஆரம்பத்துல இதுக்கு மனசு வலிச்சது. இப்பவும் கொஞ்சம் வலிக்குது. ஆனா மூங்கில் வேர்ல தொங்கவிடுறதைவிட இது மரியாதை.

அடுத்து பால். இதைச் சொன்னா சில பேருக்குக் கோபம் வரும், தெரியும்.

ஆத்துல அழுகுற பொருள் சேர்ந்தா, அதைத் தின்கிற கிருமிங்க தண்ணியில இருக்கிற ஆக்சிஜனை எல்லாம் உறிஞ்சிடும். மீன் மூச்சு முட்டிச் செத்துப் போகும். இந்த விசயத்துல பால், வீட்டுச் சாக்கடைத் தண்ணியைவிட நூறு மடங்குக்கும் மேல மோசம். நான் நம்பல. ஒரு இடைநிலைப்பள்ளி அறிவியல் ஆசிரியர் காகிதத்துல கணக்குப் போட்டுக் காட்டின பிறகுதான் நம்பினேன். நம்ம கோயில்ல பால்குடம் எடுக்கிற அன்னைக்கு அபிசேகப் பால் நேரா லோங்காங்குக்குப் போகும். லோங்காங் தண்ணியை யாரும் சுத்திகரிக்கிறது இல்ல, அது நேரா ஆத்துக்குத்தான் போகும். பால்குடத்துக்கு மறுநாள் ஆத்துல ஒரு நாத்தம் வரும். நாங்க அதை மேலே இருக்கிற பட்டறைக்காரன் வேலைன்னு திட்டிக்கிட்டு இருந்தோம்.

பால்குடத்தை நிறுத்தணும்னு நான் சொல்லவே இல்ல. எங்க அம்மா எனக்காக எடுத்த பால்குடம் எனக்குத் தெரியும். நிர்வாகத்துல பேசி இரண்டு மாத்தம் கொண்டுவந்தோம். ஒரு குடத்துப் பால்ல கொஞ்சம் அபிசேகத்துக்கு, மீதி காய்ச்சி வந்தவங்களுக்குப் பிரசாதம். அபிசேகத் தண்ணி போற குழாயைத் திருப்பி, பின்பக்கம் வாழைக்கு நடுவுல கல்லும் மணலும் போட்ட குழியில விட்டோம். பினாங்கு பயனீட்டாளர் சங்கம் தைப்பூசத்துக்குத் தேங்காயை மலைமலையா உடைக்காதீங்கன்னு பல வருசமாச் சொல்லிக்கிட்டு இருக்கு. அப்ப எங்களுக்குக் கோபம் வந்துச்சு. இப்ப புரியுது.

இந்த இடத்துல நிர்வாகக் கூட்டத்துல நடந்ததையும் சொல்லணும். மூத்தவர் ஒருத்தர், எனக்குச் சித்தப்பா மாதிரி, கோபமா எழுந்தார். "தோட்டத்தை வித்தப்போ மாரியம்மனைத் தலையில சுமந்து இங்கே கொண்டாந்து வெச்சவங்க நாங்க. இந்த நிலத்துக்கு இன்னும் பட்டா கைக்கு வரல. ஆத்தோரம்னு சொல்லி எப்ப நோட்டீஸ் ஒட்டுவாங்களோன்னு நெஞ்சு படபடங்குது. நீ வேற கோயில்தான் ஆத்தைக் கெடுக்குதுன்னு ஊருக்கே எழுதிக் கொடுக்கப் போறியா?"

அவர் கேட்டதுல நியாயம் இல்லன்னு என்னால சொல்ல முடியல. நம்ம நாட்டுல எத்தனையோ தோட்டக் கோயிலுங்க இதே பயத்துலதான் விளக்கேத்துது. நான் சொன்னது இவ்வளவுதான்: "சித்தப்பா, நாம சொல்லலைன்னா ஆத்துக்குத் தெரியாதா? கரையில குப்பை கிடந்தா முதல்ல கையை நீட்டுறது நம்ம கோயிலைத்தான். கரை சுத்தமா இருந்து, அதைப் பார்த்துக்கிறது இந்தக் கோயில்காரங்கன்னு நாலு இனத்து ஆளும் சொன்னா, அதுவும் ஒரு பட்டாதானே?" அவர் பதில் சொல்லல. ஆனா அடுத்த வாரம் பூட்ஸ் போட்டுக்கிட்டு வந்து நின்னார். இந்தப் பதிவையும் அவர்கிட்டயும் தலைவர்கிட்டயும் படிச்சுக் காட்டிட்டுத்தான் போடறேன்.

மூணாவது விசயம், நான் பண்ணின தப்பு.

ஆத்தைச் சுத்தம் பண்ண ஆரம்பிச்சு இரண்டு வருசத்துல எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் வந்துடுச்சு. மஞ்சள் சட்டை போட்டா நான் என்னமோ நகராண்மைக் கழக அதிகாரி மாதிரி. ஒரு காலையில ஒரு குடும்பம் அஸ்தி கரைக்க வந்தாங்க. மொட்டை போட்ட பையன், இருபது வயசுதான் இருக்கும். கலசத்தைக் கரைச்சிட்டு, அது சுத்தியிருந்த துணி, பூமாலை, கொண்டுவந்த பிளாஸ்டிக் பை எல்லாத்தையும் அப்படியே தண்ணியில விட்டான். நான் கரையில இருந்து சத்தமா, "தம்பி, இங்கே குப்பை போடக்கூடாது"ன்னேன்.

அவன் திரும்பிப் பார்த்தான். "எங்க அப்பா குப்பையாண்ணே?"

அதுக்கு என்ன பதில் சொல்வீங்க? பதினாறாம் நாள் காரியத்துக்கு அவங்க வீட்டைத் தேடிப் போய் மன்னிப்புக் கேட்டேன். அம்மா உட்காரச் சொல்லித் தண்ணி கொடுத்தாங்க. பையன் கடைசி வரைக்கும் பேசல. அது அவன் உரிமை.

அதுக்கப்புறம் 'குப்பை போடாதீர்' பலகையை நாங்களே கழட்டிட்டோம். இப்ப படித்துறையில ஒரு மூங்கில் கூடை இருக்கு. யாராவது காரியத்துக்கு வந்தா நாங்க தள்ளி நின்னுக்குவோம். எல்லாம் முடிஞ்சு அவங்க கரையேறினதும் நம்ம அக்கா ஒருத்தர் போய், "துணியையும் பையையும் என்கிட்ட கொடுங்கம்மா, நான் பார்த்துக்கறேன்"னு கையை நீட்டுவார். இதுவரைக்கும் ஒருத்தரும் மறுத்ததில்ல.

"பெரிய பெரிய கம்பெனிக்காரன் விசத்தைக் கொட்டுறான், நீ ஏன் ஏழைங்க பூமாலையைப் பிடிச்சுத் தொங்கறே?"ன்னு கேக்குறவங்க இருக்காங்க. நியாயமான கேள்வி. 2019 மார்ச்ல ஜொகூர் பாசிர் கூடாங்ல கிம் கிம் ஆத்துல இரசாயனக் கழிவைக் கொட்டினதுல ஆயிரக்கணக்கானவங்க மூச்சுத் திணறி சிகிச்சைக்குப் போனாங்க, 111 பள்ளிங்களை மூடினாங்க. 2020 செப்டம்பர்ல சிலாங்கூர் ஆத்துல கழிவு கலந்து, பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட கணக்குகளுக்குக் குழாய்த் தண்ணி நின்னுபோச்சு. தண்ணி லோரிக்குப் பின்னால வாளியோட நின்னது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். அதுக்கு முன்னால நம்ம பூமாலை ஒண்ணுமே இல்ல.

ஆனா ஒண்ணு கவனிச்சேன். முன்னெல்லாம் மேல்பக்கம் இருந்து எண்ணெய் மிதந்து வந்தா, புகார் கொடுக்க வாயைத் திறக்கவே எனக்குப் பயம். அதிகாரி வந்து பார்த்தா என் மூட்டையும்தானே தெரியும்? இப்ப தேதி, நேரம், படத்தோட சுற்றுச்சூழல் துறைக்கும் வடிகால் நீர்ப்பாசன இலாகாவுக்கும் தைரியமா அனுப்பறோம். மூணு தடவை அனுப்பினதுல ஒரு தடவை ஆள் வந்து பார்த்தாங்க. அந்த எண்ணெய் இப்ப வர்றதில்ல. மத்த இரண்டுக்கும் இன்னும் எழுதிக்கிட்டே இருக்கோம்.

ஆறு சுத்தமாயிடுச்சுன்னு பொய் சொல்ல மாட்டேன். தண்ணி இன்னும் தே தாரிக் நிறம்தான். அழுக்குத் தண்ணியிலயும் தாக்குப்பிடிக்கிற பண்டாராயா மீன்தான் அதிகம். குளிக்கிற அளவுக்கு வர இன்னும் எத்தனை வருசமோ. ஆனா மூங்கில் வளைவுல மீன்கொத்தி வந்து உட்காருது. தட்டான் பறக்குது. எட்டு வருசத்துக்கு முன்னால இரண்டும் இல்ல.

குருக்கள் கலசத்துல தண்ணி வெச்சு கங்கை, யமுனை, கோதாவரி, சரஸ்வதி, நர்மதை, சிந்து, காவேரின்னு ஏழு நதியைக் கூப்பிடுவார். அந்த ஏழுல ஒண்ணைக்கூட நான் கண்ணால பார்த்ததில்ல. எங்க அப்பாவும் பார்த்ததில்ல. அவர் குளிச்சது, என்னைத் தோள்ல வெச்சு நீச்சல் பழக்கினது, கடைசியில நான் அவரைக் கரைச்சது, எல்லாம் இந்த ஆத்துலதான். அதனால ஏழும் சொல்லி முடிச்சதும், எட்டாவதா நம்ம ஆத்துப் பேரை மனசுக்குள்ள நான் சொல்லிக்குவேன்.

வர்ற ஞாயிறு காலை 7.30, கோயில் பின்வாசல். கையுறை இருக்கு, பூட்ஸ் இருந்தா கொண்டாங்க. பசியாற தோசையும் சாம்பாரும் கோயில்ல. தட்டு, டம்ளர் வீட்டுல இருந்து எடுத்துட்டு வாங்க, பொலிஸ்டிரின் கிடையாது. அரசமரத்தடியில படம் வைக்கிறவங்க முடிஞ்சா கண்ணாடியைக் கழட்டிட்டு வைங்க.

ராஃபியா கயிறு வேண்டாம். அது என்கிட்டயே நிறைய இருக்கு.

முருகனுக்கு அரோகரா.