பாதியில் நின்ற படம்

உபாத்தியாயர் தொழிலில் ஒரு பெரிய அபாயம் உண்டு. நாம் சொல்வதை எதிரே இருப்பவர்கள் நம்பிவிடுகிறார்கள். வக்கீல் சொன்னதை மறுக்க எதிர்க்கட்சி வக்கீல் இருக்கிறார். வைத்தியர் சொன்னதை மறுக்க நோயாளியின் மாமியார் இருக்கிறார். உபாத்தியாயர் சொன்னதை மறுக்க யாருமில்லை. ஆகையால் அவர் வாயிலிருந்து ஒரு பொய் புறப்பட்டால், அன்று மாலை நாலு மணிக்குள் அது நாற்பது வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்துவிடுகிறது. நான் அப்படி அனுப்பி வைத்த ஒரு பொய்யைப் பற்றியே இங்கு எழுதப் புகுந்திருக்கிறேன். தெரிந்து சொன்ன பொய்யல்ல. ஆனால் அதனால் பாவம் குறைந்துவிடும் என்று நான் எண்ணவில்லை.

2021-ம் வருஷம் ஜனவரி மாதம் 19-ந் தேதி, தொற்று நோயின் காரணமாகப் பத்து மாத காலம் மூடிக் கிடந்த பள்ளிக்கூடங்கள் பத்தாம் வகுப்புக்கும் பன்னிரண்டாம் வகுப்புக்குமாகத் திறக்கப்பட்டன. முந்திய மார்ச்சு மாதத்தில் என் மாணவர்கள் ஒன்பதாம் வகுப்பில் இருந்தார்கள். இங்கிலாந்து தேசத்தின் தொழிற் புரட்சியைப் பாதி நடத்தியிருந்தேன். நூல் நூற்கும் யந்திரம் வந்தாயிற்று. நீராவி யந்திரம் வரவேண்டியிருந்தது. அதற்குள் கதவைச் சாத்திவிட்டார்கள்.

திரும்பி வந்த குழந்தைகளை இடைவெளி விட்டு இரண்டு அறைகளில் உட்கார வைத்திருந்தது. எல்லோர் முகத்திலும் பாதிக்குத் துணி. பையன்கள் சிலருக்குக் குரலே மாறிப்போயிருந்தது. எனக்கோ, அவர்களைப் பார்த்த சந்தோஷத்தில், ஏதாவது சாமர்த்தியமாகச் சொல்லவேண்டும் என்ற சபலம். "எங்கே நிறுத்தினோம்? நீராவி யந்திரத்துக்கு முன்னால்தானே?" என்று ஆரம்பித்து, உடனே ஒரு கதையும் சொன்னேன்.

கதை இதுதான். 1939-ம் வருஷம் செப்டம்பர் மாதம் 1-ந் தேதி லண்டனில் பி.பி.சி. ஸ்தாபனத்தார் டெலிவிஷனில் மிக்கி மவுஸ் படம் ஒன்றைக் காட்டிக்கொண்டிருந்தார்கள். படம் பாதி ஓடும்போது, யுத்தம் வரப்போகிறது என்று உத்தரவு வந்து, அப்படியே நிறுத்திவிட்டார்கள். யுத்தமெல்லாம் முடிந்து 1946-ல் மறுபடியும் டெலிவிஷனைத் திறந்தபோது, அறிவிப்பாளர், "நடுவில் ஒரு சிறு தடங்கல், மன்னிக்கவும்" என்ற தோரணையில் பேசி, எந்த இடத்தில் எலி நின்றதோ அதே இடத்திலிருந்து படத்தை ஓட்டினார்! குழந்தைகள் சிரித்தார்கள். அடுத்த அறைக்குப் போய் அங்கும் அதையே சொன்னேன். அங்கும் சிரித்தார்கள். நான் வெகு திருப்தியுடன் நீராவி யந்திரத்தைக் கிளப்பினேன்.

மறுநாள்தான் வருகைப் பதிவேட்டை நிதானமாகப் பார்த்தேன். நான்கு பேர் வரவில்லை. ஒரு பெண்ணின் பெயரைச் சொன்னபோது அவளுடைய சிநேகிதிகள் தலையைக் குனிந்துகொண்டார்கள். நான் மேலே கேட்கவில்லை. மூன்றாம் பெஞ்சியில் ஜன்னல் ஓரமாக உட்காரும் ஒரு பையன் திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். அவன் பெயர் பத்தாம் வகுப்புப் பட்டியலில் ஏறவேயில்லை. நூல் நூற்கும் யந்திரங்களினிடையே குழந்தைகள் வேலை செய்த விதத்தை நான் வர்ணித்தபோது, "அவங்களுக்கு எவ்வளவு சார் கூலி?" என்று கேட்டவன் அந்தப் பையன்தான்.

மார்ச்சில் பள்ளிக்கூடத்தை மறுபடியும் மூடினார்கள். அந்த வருஷத்துப் பத்தாம் வகுப்பினர் பரீட்சை எழுதாமலே தேறிப் போய்விட்டார்கள். கோடையில் சும்மா இருந்த காலத்தில், அந்த டெலிவிஷன் கதையை ஒழுங்காகப் படித்து வைத்துக்கொள்வோம் என்று உட்கார்ந்தேன். பி.பி.சி.யார் தங்களுடைய பழைய நிகழ்ச்சிப் பத்திரிகையின் பட்டியல்களை 2014-ம் வருஷத்திலிருந்து யார் வேண்டுமானாலும் படிக்கும்படி வெளியிட்டிருக்கிறார்கள். அவற்றைப் புரட்டுவதில் ஒரு விசித்திரமான சோகம் உண்டு. பட்டியல் முன்கூட்டியே அச்சாகிவிட்டது; யுத்தம் அதைப் பார்த்துவிட்டு வரவில்லை. ஆகையால் அந்த வெள்ளிக்கிழமை மாலைக்கு அச்சிட்டிருந்த நிகழ்ச்சிகள் யார் கண்ணிலும் படவில்லை.

அன்று உண்மையில் நடந்தது என்ன? லண்டனுக்கு வடக்கே ஒரு குன்றின் மேல் அலெக்ஸாண்டிரா மாளிகை என்னும் பெரிய கட்டிடம் இருக்கிறது. அதன் ஒரு மூலையில் கோபுரம் நாட்டி, 1936-ம் வருஷம் நவம்பர் மாதம் 2-ந் தேதி முதல் பி.பி.சி. ஒழுங்காக டெலிவிஷன் நடத்திவந்தது. இப்போது போல் இரவும் பகலும் ஓயாத பிரவாகமல்ல. பிற்பகலில் சிறிது நேரம், இரவில் சிறிது நேரம். மற்ற வேளைகளில் ஜனங்கள் தங்கள் காரியத்தைப் பார்த்தார்கள். 405 கோடுகளால் ஆன கறுப்பு வெள்ளைப் படம். லண்டனையும் சுற்றுப்புறத்தையும் தாண்டினால் தெரியாது. 1939-ல் சுமார் 20,000 பெட்டிகள் இருந்திருக்கும் என்பது மதிப்பு. நாடகமும் நாட்டியமும் அப்போதைக்கப்போது ஆடிக் காட்டியவைதாம். பதிவு செய்து வைக்க வழியில்லை. காற்றில் போனது போனதுதான்.

அன்று விடியற்காலையில் ஹிட்லரின் படைகள் போலந்துக்குள் புகுந்துவிட்டன. டெலிவிஷனை மூடும்படி உத்தரவு பிறந்தது. காரணங்கள் இரண்டு. அந்தக் கோபுரத்திலிருந்து புறப்படும் அலைகள் எதிரியின் குண்டு விமானங்களுக்கு லண்டனுக்கு வழிகாட்டிவிடும் என்பது ஒன்று. ரேடார் வேலைக்கு அந்த என்ஜினீயர்கள் தேவைப்பட்டார்கள் என்பது மற்றொன்று. (பிற்பாடு 1941-ல் ஜெர்மன் விமானங்களுக்கு வழிகாட்டிய அலைகளைக் குழப்பிவிட அதே கோபுரத்தையே உபயோகித்தார்கள். வழிகாட்டிவிடுமோ என்று பயந்த கோபுரம் வழிதவறச் செய்தது!)

நண்பகலுக்குச் சற்றுப் பின் மிக்கி மவுஸ் படம் காட்டப்பட்டது. 1933-ல் எடுத்த படம் அது. தன் படத்தைப் பார்க்க ஹாலிவுட் நட்சத்திரங்களெல்லாம் திரண்டு வருவதாகவும், கிரேட்டா கார்போ தன்னை முத்தமிடுவதாகவும் மிக்கி கனாக் காண்கிறான். விழித்துப் பார்த்தால் அவனுடைய நாய் முகத்தை நக்கிக்கொண்டிருக்கிறது. இந்தப் படம் நடுவில் நிற்கவேயில்லை! பி.பி.சி.யின் பதிவேட்டின்படி முழுவதும் ஓடியது. மிக்கி விழித்துக்கொண்டான். பிறகு பெட்டிகளைச் சரிபார்ப்பதற்கான சோதனை ஒலியும் உருவும் கொஞ்ச நேரம் வந்தன. அதன் பிறகு ஒன்றும் வரவில்லை. போய் வருகிறோம் என்று யாரும் சொல்லவில்லை. ரேடியோ மாத்திரம் பேசிக்கொண்டிருந்தது.

இதைப் படித்தபோது எனக்குச் சுருக்கென்றது. என் கதையைக் காட்டிலும் உண்மை எவ்வளவு துயரமாயிருக்கிறது! பாதியில் அறுந்தது என்றால் மீதி எங்கோ காத்திருக்கிறது என்று ஆறுதல் கொள்ளலாம். இங்கோ, எல்லாம் முடிந்து, ஒரு வார்த்தை விடை பெறாமல் விளக்கு அணைந்தது.

அதே நாளில் லண்டனில் நடந்த இன்னொரு காரியத்தையும் சொல்லவேண்டும். அன்று காலைதான் குழந்தைகளை நகரத்தை விட்டு அப்புறப்படுத்தும் வேலை தொடங்கியது. கழுத்தில் பெயர்ச் சீட்டு, தோளில் விஷவாயு முகமூடிப் பெட்டி, கையில் மூட்டை. பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாக ரயிலேற்றினார்கள். உபாத்தியாயர்கள் கூடவே போனார்கள். லண்டனிலும் மற்ற நகரங்களிலுமாக மூன்று நாட்களில் சுமார் 15 லட்சம் பேர், தாய்மார்களும் உள்பட, இவ்வாறு கிராமங்களுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். மிக்கி கனாக் கண்டுகொண்டிருந்த வேளையில் அவனைப் பார்த்துச் சிரித்திருக்க வேண்டியவர்களில் எத்தனையோ பேர் ரயிலில் இருந்தார்கள். என்னைப் போன்ற ஓர் உபாத்தியாயர் ஒவ்வொரு ஸ்டேஷனிலும் தலைகளை எண்ணிக்கொண்டு போயிருப்பார்.

ஏழு வருஷத்துக்கு மூன்று மாதம் குறைவு. 1946-ம் வருஷம் ஜூன் மாதம் 7-ந் தேதி பிற்பகல் மூன்று மணிக்கு மறுபடியும் திரையில் வெளிச்சம் வந்தது. வருஷத்துக்கு இரண்டு பவுன் லைசென்ஸ் என்றும் ஏற்பட்டுவிட்டது. மார்கட் பாண்டேன் நடனமாடினார். பெர்னார்டு ஷாவின் நாடகம் ஒன்றும் உண்டு. மறுநாள் வெற்றி ஊர்வலத்தையும் காட்டினார்கள். அதில் நம் நாட்டுச் சிப்பாய்களும் அணிவகுத்துப் போனார்கள். யாருடைய வெற்றி என்று அவர்கள் நினைத்தார்களோ! ஜூன் 14-ந் தேதி, 1926-லேயே லண்டனில் ஒரு மாடியறையில் டெலிவிஷனைச் செய்து காட்டிய ஜான் லோகி பேர்டு இறந்துபோனார். திரும்பத் திறந்த டெலிவிஷன் அவருடைய முறையைப் பின்பற்றியதுமல்ல. இவையெல்லாம் இருக்கட்டும். மிக்கி படத்தையும் காட்டினார்கள், அதே படத்தைத்தான். ஆனால் முதலிலிருந்து காட்டினார்கள்.

இன்னொன்று. அன்று முதலில் தோன்றியவர் ஜாஸ்மின் பிளை என்ற அம்மணி. 1936-ல் அமர்த்தப்பட்ட முதல் அறிவிப்பாளர்களில் ஒருவர். தடங்கலுக்கு மன்னிப்பும் இல்லை, வேடிக்கையும் இல்லை. எல்லோரையும் சுகமா என்று விசாரித்துவிட்டு, என்னை நினைவிருக்கிறதா என்று கேட்டார்.

புஸ்தகத்தை மூடி வைத்துவிட்டு வெகு நேரம் உட்கார்ந்திருந்தேன். 1939-ல் எட்டு வயதாயிருந்த லண்டன் பையன் 1946-ல் பதினைந்து வயதாகி வேலைக்குப் போயிருப்பான். அக்காலத்தில் அங்கே பதினான்கு வயது வரைக்குந்தான் கட்டாயப் படிப்பு. அவனிடம் போய், "எலி எந்த இடத்தில் நின்றது?" என்று கேட்டால் நன்றாயிருக்குமா? அந்த அம்மணிக்குத் தெரிந்த மரியாதை, இருபது வருஷத்துக்குக் கிட்டத்தட்ட வகுப்பு நடத்தியிருந்த எனக்குத் தெரியாமல் போயிற்று. நான் எங்கே நிறுத்தினோம் என்று கேட்டேன். யார் வரவில்லை என்றுகூட முதல் நாள் கேட்கவில்லை.

பொய்யைத் திருத்தலாம் என்றால் பிள்ளைகள் போய்விட்டார்கள். பதினொன்றாம் வகுப்புக்கு எங்கெங்கோ சிதறிவிட்டார்கள். இன்றைக்கும் அவர்களில் யாராவது ஒருவர் தம் சிநேகிதர்களிடம், "எங்கள் சார் சொன்னார்" என்று அந்தக் கதையைச் சொல்லிக்கொண்டிருக்கலாம்.

2022-ம் வருஷம் தீபாவளிக்கு இரண்டு நாள் முன்னால் எங்கள் ஊர் பஸ் நிலையத்தில் ஒரு வாலிபன் என் முன்னால் வந்து நின்றான். அரும்பு மீசை, கையில் ஜவுளிக் கடைப் பை. எனக்கு அடையாளம் தெரியவில்லை.

"என்னைத் தெரியுதா சார்?" என்று கேட்டான்.

ஜன்னல் ஓரத்துப் பையன்! அவன் தகப்பனார் காலமாகிவிட்டார் என்பதும், இரண்டு தங்கைகள் படிக்கிறார்கள் என்பதும் அப்போதுதான் தெரிந்தது. கம்பெனியில் வாரக் கூலி கொடுக்கிறார்களாம். எவ்வளவு என்று சொன்னான். ஒரு காலத்தில் என்னிடம் அவன் கேட்ட கேள்வி அவனுக்கு ஞாபகம் இருந்ததோ என்னவோ, சொல்லிவிட்டுச் சிரித்தான்.

"பத்தாவது எழுதணும் சார். தனியா எழுதலாமாமே?"

எழுதலாம் என்று சொல்லி, விவரமெல்லாம் விசாரித்து வைப்பதாகவும், ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வரும்படியும் சொன்னேன்.

"அன்னிக்கு நீராவி இஞ்சின் வரைக்கும் வந்தோம் சார். அப்புறம் பசங்களுக்கு என்ன நடத்தினீங்க?"

பஸ் வர நேரமிருந்தது. கூட்டத்தை விட்டு விலகி ஒரு டீக் கடை ஓரமாக நின்றோம். நீராவி யந்திரத்தை நான் தொடவில்லை. மிக்கி எலியின் கதையை, இந்தத் தடவை நடந்தபடியே, அவனுக்குச் சொன்னேன்.