குளுவாங் பாட்டியும் கூன்வண்டும்

திருச்சி விமான நிலையத்தில் பாதுகாப்புச் சோதனை செய்தவர் என் கையிலிருந்த குழாயை இரண்டு முறை தட்டிப் பார்த்தார்.

"உள்ளே என்னம்மா?"

"போஸ்டர் சார்."

"சினிமா போஸ்டரா?"

மூடியைத் திறந்து காட்டினேன். ஒரு வண்டின் பெரிய படம் எட்டிப் பார்த்தது. சிரித்துவிட்டு, போகச் சொன்னார். அந்தக் குழாய் எங்கள் பம்ப்செட் கொட்டகையில் மிச்சம் கிடந்த பி.வி.சி. குழாய். கடையில் விற்கும் போஸ்டர் உறையின் விலையைக் கேட்டதும், அப்பா ரம்பத்தை எடுத்துவிட்டார். மூன்றடிக்கு அறுத்து, இரண்டு பக்கமும் மூடி போட்டுக் கொடுத்தார். எங்கள் வீட்டில் முதன்முதலாகக் கடல் தாண்டிய பொருள் அதுதான், என்னையும் சேர்த்து.

அறிவியல் மாநாடுகளில் எல்லோருக்கும் மேடை கிடைக்காது. பெரிய ஆட்கள் மேடையில் பேசுவார்கள். எங்களைப் போன்ற ஆராய்ச்சி மாணவர்கள், செய்த வேலையை ஒரே தாளில் அச்சடித்துப் பலகையில் ஒட்டிவிட்டு, பக்கத்திலேயே நிற்க வேண்டும். தாளின் அளவு 84 சென்டிமீட்டருக்கு 119. யாராவது நின்று கேட்டால் விளக்கலாம். கேட்காவிட்டால் நின்றுகொண்டே இருக்கலாம்.

என் தாளில் இருந்தது எண்ணெய்ப்பனை. டெல்டாவில் அப்பா நெல்லை விட்டுவிட்டு மூன்று ஏக்கரில் எண்ணெய்ப்பனை போட்டவர். மரம் வந்தது, குலை வந்தது. ஆனால் குலையை வெட்டிப் பார்த்தால் உள்ளே பாதி காய் பிடிக்காமல் இருந்தது. ஏன் என்று தேடப்போய்த்தான் நான் பூச்சியியலுக்குள் வந்து விழுந்தேன். ஒரு மழைக்காலம் முழுக்க, இரண்டு தோட்டங்களில், ஆண் பூங்குலையில் எத்தனை கூன்வண்டுகள் வருகின்றன என்று எண்ணினேன். அவ்வளவுதான் என் ஆராய்ச்சி. பெரிதாகச் சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை.

மாநாடு ஜொகூர் பாருவில், ஒரு ஓட்டலில். தீபகற்ப மலேசியாவின் தென்கோடியில் இருக்கும் ஊர். 2023 டிசம்பரிலிருந்து இந்தியர்களுக்கு 30 நாள் வரை விசா வேண்டாம் என்பதால் பாதிக் கவலை குறைந்தது. கோலாலம்பூரில் இறங்கித் தெற்கே பஸ் பிடித்தால் சுமார் ஐந்து மணி நேரம். ஜன்னலோரம் உட்கார்ந்தவளுக்கு ஒரு மணி நேரத்திலேயே தலை சுற்றியது. இரண்டு பக்கமும் எண்ணெய்ப்பனை. மேடேறினால் எண்ணெய்ப்பனை, பள்ளத்தில் இறங்கினால் எண்ணெய்ப்பனை. எங்கள் ஊரில் மூன்று ஏக்கரை வேடிக்கை பார்க்க ஆட்கள் வந்தார்கள். இங்கே அடிவானம் வரைக்கும் அதுதான்.

இத்தனைக்கும் இது மலேசிய மண்ணின் மரமே இல்லை. மேற்கு ஆப்பிரிக்காவில் பிறந்தது. 1848-இல் ஜாவாவின் போகோர் தாவரவியல் பூங்காவில் நான்கே கன்றுகள் நட்டார்கள். அந்த நான்கின் வம்சம்தான் தென்கிழக்கு ஆசியா முழுக்கப் பரவியது. மலேசியாவில் வணிகத்துக்காக முதலில் நட்டது 1917-இல், சிலாங்கூரில். அந்தத் தோட்டத்தின் பெயர் தென்னமாராம். நம் காதுக்கு எப்படிக் கேட்கிறது பாருங்கள்!

ஜொகூர் பாருவில் சாயங்காலம் கடற்கரைப் பக்கம் நடந்தால், ஜலசந்திக்கு அந்தப் பக்கம் சிங்கப்பூர் விளக்குகள் தெரியும். இரண்டையும் இணைக்கும் பாலம் 1924-இல் திறந்தது. ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர்தான். விடிவதற்கு முன்பே மோட்டார் சைக்கிள்கள் வரிசை கட்டிவிடுகின்றன. இங்கே குடியிருந்து அங்கே வேலைக்குப் போகிறவர்கள். ராஜகாளியம்மன் கண்ணாடிக் கோயிலுக்கும் போனேன். சுவர், தூண், கூரை எல்லாம் கண்ணாடிச் சில்லுகள். எந்தப் பக்கம் திரும்பினாலும் நானே ஆயிரம் துண்டாகத் தெரிந்தேன். மறுநாள் போஸ்டர் வைக்க வேண்டிய பயத்தில் இருந்தவளுக்கு அது அத்தனை ஆறுதலாக இல்லை.

போஸ்டர் நேரத்தைத் தேநீர் இடைவேளையோடு சேர்த்துப் போட்டிருந்தார்கள். எல்லா மாநாட்டிலும் இப்படித்தானாம். கையில் தட்டோடு வந்தவர்கள் என் பலகையைக் கடந்து, பலகாரம் இருந்த மேசைக்குப் போனார்கள். திரும்பி வரும்போதும் கடந்து போனார்கள். முக்கால் மணி நேரத்தில் என்னிடம் நின்றவர்கள் இரண்டு பேர். ஒருவர் கழிவறை எந்தப் பக்கம் என்று கேட்டார். இன்னொருவர் மதிப்பெண் போடுகிறவர். போஸ்டரை மேலிருந்து கீழாகப் பார்த்துவிட்டு, "எத்தனை மரம்?" என்றார். சொன்னேன். "ஒரே பருவமா?" ஆமாம் என்றேன். தலையாட்டிவிட்டுப் போய்விட்டார். அவர் கேட்டது நியாயமான கேள்விதான். அதனால்தான் தொண்டையை அடைத்தது.

அந்த நேரத்தில்தான் அவள் வந்தாள். மாநாட்டில் உதவிக்கு நின்ற கல்லூரிப் பெண். பலகையில் நாடா ஒட்டிக் கொடுத்ததும் அவள்தான்.

"அக்கா, இது செம்பனை தானே?"

எண்ணெய்ப்பனைக்கு இங்கே செம்பனை என்று பெயர். பழத்தின் நிறத்தைச் சொல்லும் பெயர், நம்முடையதைவிட அழகு.

"எங்க பாட்டி இந்தப் பூவுலதான் வேலை செஞ்சாங்க. குளுவாங் பக்கம் தோட்டத்துல. கையால பொடி அடிப்பாங்களாம்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஏன் என்று சொல்ல, கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

செம்பனையில் ஆண் பூங்குலையும் பெண் பூங்குலையும் ஒரே மரத்தில்தான் வரும். ஆனால் ஒரே சமயத்தில் வராது. கொஞ்ச காலம் ஆண், கொஞ்ச காலம் பெண். ஆகவே ஒரு மரத்தின் மகரந்தம் இன்னொரு மரத்துக்குப் போயாக வேண்டும். காற்றே இதைச் செய்கிறது என்றுதான் நீண்டகாலம் நம்பினார்கள். மலேசியத் தோட்டங்களிலோ காற்று போதவில்லை. இளமரங்களில் காய் பிடிக்க, ஆட்களை வைத்து, டால்க் மாவோடு கலந்த மகரந்தத்தைப் பூ பூவாக ஊதச் செய்தார்கள்.

கேமரூனில் வேலை பார்த்துவிட்டு மலேசியா வந்த லெஸ்லி டேவிட்சன் என்ற தோட்ட அதிகாரிக்கு இது உறுத்தியது. ஆப்பிரிக்காவில் யாரும் ஊதுவதில்லை, ஆனாலும் குலை நிறையக் காய்க்கிறது, பூவெல்லாம் பூச்சி மொய்க்கிறதே என்று யோசித்தார். பாகிஸ்தானைச் சேர்ந்த பூச்சியியலாளர் ஆர்.ஏ. சையத் கேமரூனுக்குப் போய் ஆராய்ந்து, வேலையைச் செய்வது காற்றல்ல, எள்ளளவேயான ஒரு கூன்வண்டு என்று காட்டினார். ஆண் பூவின் வாசனை வண்டை இழுக்கிறது. பெண் பூவும் விரிகிற நாளில் அதே வாசனையைக் கொஞ்சமாக வீசுகிறது. ஏமாந்து போன வண்டு, உடம்பில் ஒட்டிய மகரந்தத்தை அங்கே உதறிவிட்டு வருகிறது. அந்த வண்டுகளைக் கொண்டுவந்து, சோதித்து, 1981 பிப்ரவரியில் முதலில் பறக்கவிட்ட இடம் இதே ஜொகூர் மாநிலம், குளுவாங் பக்கத்து மாமோர் தோட்டம். கொஞ்ச காலத்திலேயே தீபகற்பம் முழுக்கப் பரவிவிட்டது. கையால் ஊதும் வேலை நின்றது. பிறகு கேரளத்துக்கும் இதே வண்டு வந்தது.

இந்தக் கதை இல்லாமல் எங்கள் துறையில் ஒரு கட்டுரையும் தொடங்காது. என் போஸ்டரின் முதல் பத்தியிலும் இருந்தது. "வண்டின் வரவால் கூலிச் செலவு பெருமளவு மிச்சமானது" என்ற வரியோடு. மற்றவர்கள் எழுதியதைப் பார்த்து நானும் எழுதிய வரி.

மாநாடு முடிந்த மறுநாள் சனிக்கிழமை. அந்தப் பெண்ணின் மாமா காரில் அழைத்துப் போனார். ஒன்றரை மணி நேரப் பயணம். குளுவாங்கில் 1938 முதல் ரயில் நிலையத்தோடு சேர்த்தே பேசப்படும் காப்பிக்கடை உண்டு. கெட்டிக் காப்பி, வெண்ணெயும் காயாவும் தடவிய ரொட்டி. காயா என்பது தேங்காய்ப்பாலும் முட்டையும் சர்க்கரையும் சேர்த்துக் கிண்டிய ஜாம். நம் கும்பகோணம் டிகிரி காப்பிக்கு அது போட்டியில்லை என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே இரண்டாவது கோப்பையும் குடித்தேன்.

பாட்டி இப்போது தோட்டத்தில் இல்லை. ஊரோரம் ஒரு தாமானில், வரிசை வீடுகளில் ஒன்றில் மகனோடு இருக்கிறார். செருப்பைக் கழற்றுவதற்குள் "பசியாறிட்டியா?" என்றார். காலைச் சாப்பாட்டை இங்கே பசியாறுவது என்கிறார்கள். எங்கள் பாட்டி காலத்தோடு ஊரில் போய்விட்ட சொல்.

குழாயைத் திறந்து போஸ்டரை விரித்தேன். அவர் எழுத்தைப் பார்க்கவில்லை. நேராகப் பூவின் படத்தில் விரலை வைத்தார்.

"இது ஆண் பூ. சோம்பு வாசம் அடிக்கும்."

அந்த வாசனைக்குப் பின்னால் இருக்கும் வேதிப்பொருளின் பெயரை நான் போஸ்டரில் எழுதியிருந்தேன். சோம்பு என்று எழுதவில்லை.

"வீட்டுக்கு வந்தா இவ தாத்தா கேப்பாரு, என்னடி வடைக்கு அரைச்சியான்னு. விடியறதுக்கு முன்னாடி பெரட்டுக்குப் போகணும். அங்க பேர் கூப்பிட்டு, ஆளுக்கொரு டப்பா குடுப்பாங்க. மரம் மரமா போயி, மட்டையை ஒதுக்கி, பூ விரிஞ்சிருக்கான்னு பாக்கணும். முள்ளு இருக்கே, அப்பாடி! கை பூரா குத்தும்."

என் போஸ்டரில் என்ன எழுதியிருக்கிறது என்று பேத்தி ஒவ்வொரு வரியாகச் சொன்னாள். கூலிச் செலவு மிச்சமானது என்ற இடம் வந்ததும் பாட்டி நிமிர்ந்தார்.

"மிச்சமாச்சா? யாருக்கு?"

கோபமாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

"வண்டு வந்துச்சுன்னு எங்கள்ட்ட யாரும் சொல்லல. ஒரு நாள் கிராணி வந்து, நாளையிலருந்து பொடி அடிக்க வேணாம்னாரு. அப்புறம் உதிரிப் பழம் பொறுக்கப் போட்டாங்க. குனிஞ்சே கெடக்கணும். இடுப்பு போச்சு." கொஞ்ச நேரம் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "வண்டு மேல என்ன தப்பு? அது பாட்டுக்கு அது வேலைய செய்யுது."

கிளம்பும்போது போஸ்டரை அங்கேயே விட்டு வந்தேன். பூவின் படம் தனக்கு வேண்டும் என்றார். காலிக் குழாயில் அவர் மருமகள் காப்பித்தூள் பொட்டலங்களை அடுக்கிக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து கதையைச் சொல்லி முடித்தேன். அப்பா என் பரிசு, மதிப்பெண் எதையும் விசாரிக்கவில்லை.

"அந்தம்மா பொடியில மாவு எத்தனை பங்கு கலந்தாங்களாம்?"

மழைக்காலத்தில் வண்டு குறைகிற வாரங்களில் கையால் ஊதிப் பார்க்கலாமே என்பது அவர் கணக்கு. ஞாயிற்றுக்கிழமை வீடியோ அழைப்பு போட்டோம். கலவையெல்லாம் ஆபீசிலேயே போட்டுவிடுவார்கள், தங்கள் கைக்கு டப்பாவாகத்தான் வரும், பங்கு தெரியாது என்று சொல்லிவிட்டார் பாட்டி. ஆனால் பூ தெரியும் என்றார். விரிந்த பெண் பூ வெளுப்பாக இருக்கும், இரண்டு மூன்று நாள்தான், அப்புறம் நிறம் மாறிவிடும்.

அப்பா போனைத் தூக்கிக்கொண்டு வயலுக்குள் இறங்கிவிட்டார். சேற்றில் செருப்பு மாட்டிக்கொண்டது. ஒரு மட்டையை ஒதுக்கி, பூங்குலைக்குள் போனை நீட்டினார். திரையில் பாட்டி கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"அது செவந்து போச்சு தம்பி. அடுத்த மரத்தக் காட்டுங்க."