கூட்டம் கலைந்த பிறகு

1939 செப்டம்பர் 3ஆம் தேதி மாலை. சென்னைக் கடற்கரையில் சுபாஷ் சந்திர போஸ் பேசிக்கொண்டிருந்தார். சுமார் இரண்டு லட்சம் பேர் கூடியிருந்தார்கள் என்றும், அதுவரை தான் பேசிய கூட்டங்களிலேயே அதுதான் பெரியது என்றும் பின்னாளில் அவரே எழுதியிருக்கிறார். பேச்சின் நடுவே கூட்டத்திலிருந்து யாரோ ஒருவர் மாலைப் பத்திரிகையை அவர் கையில் கொடுத்தார். ஜெர்மனி மீது பிரிட்டன் போர் அறிவித்துவிட்ட செய்தி அதில் இருந்தது.

அந்த ஆண்டு ஜனவரியில்தான் காங்கிரஸ் தலைவர் தேர்தல் நடந்தது. காந்தியடிகளின் ஆதரவு பட்டாபி சீதாராமய்யாவுக்கு. ஆனாலும் 1,580க்கு 1,377 என்ற கணக்கில் போஸ் வென்றார். வென்ற பிறகு கட்சிக்குள் இழுபறி. செயற்குழு அமைக்க முடியாமல் ஏப்ரல் மாதக் கடைசியில் பதவியை விட்டு விலகினார். பதவி போன நாலு மாதத்தில்தான் நம் கடற்கரையில் அத்தனை பெரிய கூட்டம். யாரும் லாரி அனுப்பவில்லை, டோக்கன் கொடுக்கவில்லை. பிடித்த தலைவரின் பேச்சைக் கேட்க மணலில் வந்து உட்கார்ந்தார்கள்.

ஒரு கட்சிக்குள் யார் தலைமை ஏற்பது என்ற போட்டிகூட மக்களை இப்படி உசுப்பிவிடும். அமெரிக்காவில் அதிபர் தேர்தலுக்கு முன்னால் ஒவ்வொரு கட்சியும் தன் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க மாநிலம் மாநிலமாக உட்கட்சித் தேர்தல் நடத்துகிறது. அங்கேயும் தொப்பி, பதாகை, கோஷம் எல்லாம் உண்டு. தனக்குப் பிடித்தவர் ஜெயிக்க வேண்டும் என்று மனிதன் மனசார ஆசைப்படுவது எந்த ஊரிலும் ஒன்றுதான். அதைக் குறை சொல்ல இதை நான் எழுதவில்லை. அந்த உற்சாகம் கூட்டத்தோடு சேர்ந்து கலைந்து போய்விடக் கூடாது என்ற கவலையில் எழுதுகிறேன்.

மயிலாப்பூரில் வளர்ந்தவன் நான். மாங்கொல்லையில் கூட்டம் என்றால் சாயங்காலம் நாலு மணிக்கே தெருவுக்குத் தெரிந்துவிடும். மைக் செட்காரர் வந்து சந்து முனைகளில் கூம்பு ஒலிபெருக்கியைக் கட்டுவார். கொடித் தோரணம் ஏறும். ‘ஹலோ, மைக் டெஸ்டிங்’ முடிந்ததும் நாகூர் ஹனிபாவின் குரல் கிளம்பும். முதலில் வட்டச் செயலாளர் பேசுவார், பிறகு பகுதி, பிறகு மாவட்டம். ‘இன்னும் சற்று நேரத்தில்’ என்று சொல்லிச் சொல்லியே ஒன்பது மணி ஆகிவிடும். அதற்குள் வேர்க்கடலைக்காரர் இரண்டு சுற்று வந்து போயிருப்பார். அச்சகத் தொழிலாளி, மளிகைக் கடைக்காரர், கல்லூரிப் பையன், ரிக்‌ஷா ஓட்டுகிறவர் எல்லோரும் தோளோடு தோள் நின்று கேட்பார்கள். பெண்கள் திண்ணையிலும் மாடியிலும் இருந்தபடி கேட்பார்கள்.

அடுத்த வாரம் அதே இடத்தில் எதிர்க்கட்சிக் கூட்டம் நடக்கும். அதே ஆட்கள் அங்கேயும் நிற்பார்கள். போன வாரம் சொன்ன குற்றச்சாட்டுக்கு இவர்கள் என்ன பதில் வைத்திருக்கிறார்கள் என்று காத்திருப்பார்கள். கூட்டம் முடிந்து டீக்கடையில் நின்று பேசும்போது, ‘அவர் சொன்ன கணக்குச் சரி, ஆனா இவர் கேட்டதுக்குப் பதில் வரலையே’ என்று வாதம் நடக்கும். எங்கள் தலைமுறைக்கு அரசியல் பள்ளிக்கூடம் அந்த டீக்கடைதான். கைதட்டியவனே எடைபோட்டும் பார்த்தான். தி.நகர் முத்துரங்கன் சாலைக் கூட்டங்களிலும் இதே வழக்கத்தைப் பார்த்திருக்கிறேன்.

இன்று உற்சாகம் குறைந்துவிடவில்லை, எடைபோடுவதுதான் குறைந்திருக்கிறது. தன் தலைவர் பேசிய முப்பது விநாடித் துண்டு கைபேசியில் வருகிறது. எதிர்த்தரப்பு பேசியது கேலிப் படமாகத்தான் வருகிறது. முழுப் பேச்சையும் கேட்டவர் அபூர்வம். இரண்டு பக்கத்தையும் கேட்டவர் அதைவிட அபூர்வம்.

கபாலீசுவரர் கோயில் பங்குனித் தேரைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். வடம் பிடிக்க ஆயிரம் கைகள் இருக்கும். ஆனால் மாட வீதி முனையில் தேர் திரும்புவது, சக்கரத்தடியில் முட்டுக்கட்டை போடுகிற நாலு பேரின் கையில் இருக்கிறது. அவர்கள் இல்லையென்றால் இழுக்கிற வேகமே ஆபத்து. அரசியலில் ஒவ்வொரு தொண்டனும் வடமும் பிடிக்க வேண்டும், முட்டுக்கட்டையும் கையில் வைத்திருக்க வேண்டும். இரண்டையும் அவனே செய்தாக வேண்டும், வேறு ஆள் கிடையாது.

அதை மறந்தபோது என்ன நடந்தது என்று தமிழ்நாடு பார்த்திருக்கிறது. 2000 பிப்ரவரி 2ஆம் தேதி ஒரு வழக்கில் ஜெயலலிதாவுக்குத் தண்டனை விதிக்கப்பட்டது. அந்த ஆத்திரத்தில் தர்மபுரி அருகே கட்சிக்காரர்கள் சிலர் கல்லூரிப் பேருந்துக்குத் தீ வைத்தார்கள். வேளாண் பல்கலைக்கழக மாணவிகள் மூன்று பேர் வெந்து இறந்தார்கள். மேல்முறையீட்டில் அந்த வழக்கிலிருந்து தலைவர் விடுதலை ஆனார். தீ வைத்த மூவருக்குத் தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டது. உச்ச நீதிமன்றம் 2016இல் அதை ஆயுளாகக் குறைத்தது. 2018இல்தான் அவர்கள் வெளியே வந்தார்கள். மூன்று பெண்பிள்ளைகளின் உயிர் போனது. கொளுத்தியவர்களின் நல்ல வயதும் சிறையில் போனது. தலைவருக்காகச் செய்ததாக அவர்கள் நினைத்திருப்பார்கள். அதனால் தலைவருக்குக் கிடைத்தது தீராத பழி ஒன்றுதான்.

2025 செப்டம்பர் 27ஆம் தேதி கரூர் வேலுசாமிபுரத்தில் யாருக்கும் ஆத்திரம் இல்லை. அன்பு மட்டும்தான் இருந்தது. நடிகரும் தமிழக வெற்றிக் கழகத் தலைவருமான விஜய் நண்பகலில் வருவார் என்ற அறிவிப்பை நம்பிக் காலையிலிருந்தே மக்கள் காத்திருந்தார்கள். அவர் வந்து சேர்ந்தபோது இரவு 7 மணி தாண்டிவிட்டது. நெரிசலில் குழந்தைகள் உட்பட 41 பேர் இறந்தார்கள். விசாரணையை சிபிஐ வசம் உச்ச நீதிமன்றம் ஒப்படைத்தது. யார் மீது எவ்வளவு பொறுப்பு என்பதை விசாரணை சொல்லட்டும். நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு நாம் சொல்ல வேண்டியதை அதுவரை தள்ளிப்போட வேண்டியதில்லை.

நெரிசலில் பெரும்பாலும் மிதிபட்டுச் சாவதில்லை. நின்ற இடத்திலேயே நெஞ்சு அழுந்தி, மூச்சு விட முடியாமல் சாகிறார்கள். ஒரு சதுர மீட்டர் இடத்தில் ஐந்தாறு பேருக்கு மேல் நெருங்கிவிட்டால் கூட்டம் தண்ணீரைப் போல அலையடிக்க ஆரம்பிக்கும். அப்புறம் நம் கால் நம் சொல் கேட்காது. நான்கு பக்கமும் மற்றவர் உடம்பு உங்கள் மேல் படுகிறது என்றால் அந்த நிமிஷமே ஓரமாக வெளியேற ஆரம்பியுங்கள். நெருக்கித் தள்ளும்போது இரண்டு கைகளையும் நெஞ்சுக்கு முன்னால் மடக்கி மூச்சுக்கு இடம் வைத்துக்கொள்ளுங்கள். எதிர்த்துத் தள்ளாமல், அழுத்தம் தளரும் நேரம் பார்த்துக் குறுக்காக நகருங்கள். செருப்போ செல்போனோ விழுந்தால் விழட்டும், குனியாதீர்கள். தண்ணீர் பாட்டில் இல்லாமல் போகாதீர்கள். 2016 ஏப்ரலில் விருத்தாசலம் பிரசாரக் கூட்டத்தில் வெயில் தாங்காமல் இறந்தவர்கள் உண்டு. கைக்குழந்தையை எந்தத் தலைவரின் கூட்டத்துக்கும் தூக்கிப் போகாதீர்கள். தலைவரைத் தொலைக்காட்சியில் பார்த்தால் பாசம் குறைந்துவிடாது.

உயிருக்கு அடுத்தபடியாக, ஓட்டைப் பற்றிச் சொல்கிறேன். கூட்டம் வேறு, ஓட்டு வேறு என்பது இந்த ஊருக்குப் பழைய பாடம். தி.நகர் திருமலைப்பிள்ளை சாலையில் வாடகை வீட்டில் வாழ்ந்த காமராஜர் போன இடமெல்லாம் ஜனம் கூடியது. 1967இல் சொந்த ஊரான விருதுநகரில் ஒரு மாணவர் தலைவரிடம் ஆயிரத்துச் சொச்சம் ஓட்டில் அவர் தோற்றார். அமெரிக்காவிலும் 2004இல் ஹோவர்ட் டீனுக்கு நாடெங்கும் இளைஞர் கூட்டம் அலைமோதியது; முதல் களமான அயோவாவில் அவருக்குக் கிடைத்தது மூன்றாம் இடம். 2016இல் பெர்னி சாண்டர்ஸ் மைதானங்களை நிரப்பினார். கட்சி வேட்பாளராகத் தேர்வானவர் ஹிலாரி கிளிண்டன்.

2024 ஏப்ரல் 9ஆம் தேதி பிரதமர் மோடி பனகல் பூங்காவிலிருந்து தேனாம்பேட்டை வரை வாகனப் பேரணி நடத்தினார். பாண்டி பஜாரின் இரு புறமும் ஜனம் பூ தூவியது. மற்றக் கட்சிகளும் தெருத்தெருவாக வந்தன. மூன்று பக்கமும் வலுவான வேட்பாளர்கள். பத்தே நாளில், ஏப்ரல் 19ஆம் தேதி, வாக்குப்பதிவு. தமிழ்நாடு முழுக்க ஏறத்தாழ 70 சதவீதம் பேர் வாக்களித்தார்கள். தர்மபுரியில் 81 சதவீதத்துக்கும் மேல். தென் சென்னையில் சுமார் 54 சதவீதம்தான். 1967இல் அண்ணாவை நாடாளுமன்றத்துக்கு அனுப்பிய தொகுதி இது. 1977இலும் 1980இலும் இங்கே வென்ற ஆர். வெங்கடராமன் பிற்பாடு குடியரசுத் தலைவர் ஆனார். அப்படிப்பட்ட தொகுதியில் ஏறக்குறைய பாதிப் பேர் அன்று வாக்குச்சாவடிக்கே போகவில்லை.

அதைவிட எனக்கு வலிப்பது இன்னொரு கணக்கு. 2022 பிப்ரவரி 19ஆம் தேதி மாநகராட்சித் தேர்தல். 200 வார்டுகள். சென்னையில் வாக்களித்தவர்கள் 44 சதவீதத்தைக்கூட எட்டவில்லை. குப்பை, மழைநீர் வடிகால், தெருவிளக்கு எல்லாம் வந்து நிற்கும் இடம் வார்டுதான். 2015 டிசம்பரில் அடையாறு பெருகி வீட்டுக்குள் வந்தபோதும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் தெருவெல்லாம் தேங்கியபோதும் கவுன்சிலர் எங்கே என்று கேட்டோம். 2023இல் நாம் தேடிய அந்தக் கவுன்சிலரைத் தேர்ந்தெடுக்க பாதிக்கு மேற்பட்டவர்கள் வரவில்லை.

கூட்டம் என்றாலே முகம் சுளிக்கிற நண்பர்கள் அடையாறிலும் மயிலாப்பூரிலும் எனக்கு நிறைய உண்டு. டிராஃபிக் ஜாம், கொடி, சத்தம் என்று அவர்கள் சலித்துக்கொள்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் வெயிலில் நின்று கொடி பிடிக்கிற தம்பி வாக்குச்சாவடிக்கும் வந்துவிடுகிறான். பால்கனியில் நின்று அவனைக் குறை சொல்கிறவர் தேர்தல் விடுமுறைக்கு வெளியூர் போய்விடுகிறார். பெசன்ட் நகருக்குப் பெயர் தந்த அன்னி பெசன்ட், 1916இல் அடையாறிலிருந்துதான் ஹோம் ரூல் இயக்கத்தை நடத்தினார். மறு ஆண்டு அரசு அவரைக் காவலில் வைத்தது; நாடெங்கும் கண்டனக் கூட்டங்கள் நடந்தன. அவரை விடுவிக்க வேண்டியதாயிற்று. அதே ஆண்டு அவர் காங்கிரஸ் தலைவரும் ஆனார். படித்தவர்களும் பாமரர்களும் சேர்ந்து கூட்டத்துக்கு வந்ததால் கிடைத்த பலன் அது. ஆகவே கூட்டத்தை இழிவாகப் பேசுவது அறிவாளித்தனம் ஆகாது.

நம் கூட்டங்களில் ஒரு பெரிய குறை உண்டு. மைக் மேடையில் மட்டும்தான் இருக்கும். அமெரிக்க உட்கட்சித் தேர்தலில் வேட்பாளர்கள் பள்ளிக்கூட அரங்குகளில் சின்னக் கூட்டம் போடுவார்கள். சாதாரண ஆள் எழுந்து நின்று, ‘என் மருத்துவச் செலவுக்கு என்ன செய்வீர்கள்?’ என்று கேட்பார்; வேட்பாளர் பதில் சொல்லியாக வேண்டும். நமக்கும் அப்படியொரு வாசல் திறந்திருக்கிறது. 2022இல் விதிகள் வகுத்து, அந்த ஆண்டு நவம்பர் 1ஆம் தேதி உள்ளாட்சி நாளில் நகரங்களில் பகுதி சபைக் கூட்டங்களைத் தொடங்கினார்கள். கிராம சபையில் கிராமத்தார் கேட்பதுபோல நகரத்தாரும் கேட்க ஏற்பட்ட இடம் அது. அங்கே மைக் நம் கைக்கு வரும். ஆயிரக்கணக்கில் ஆள் வேண்டாம். ஒரு தெருவிலிருந்து பத்துப் பேர் எழுதிய காகிதத்தோடு போனால் போதும், கவுன்சிலரும் அதிகாரியும் பதில் சொல்லாமல் எழுந்திருக்க முடியாது.

கொடி பிடிக்கிற தம்பிகளே, தங்கைகளே, உங்களுக்குப் பிடித்த தலைவரின் கூட்டத்துக்குப் போங்கள், தொண்டை வலிக்கக் கோஷம் போடுங்கள். அடுத்த வாரம் மாற்றுக் கட்சியின் கூட்டத்துக்கும் போய் ஓரமாக நின்று முழுப் பேச்சையும் கேளுங்கள். உங்கள் தலைவர் தப்பாகப் பேசினால் தப்பு என்று உங்கள் வட்டச் செயலாளரிடமே சொல்லுங்கள்; கட்சியை நேசிக்கிறவனுக்குத்தான் அந்த உரிமை அதிகம். வீட்டில் உள்ள எல்லோர் பெயரும் வாக்காளர் பட்டியலில் இருக்கிறதா என்று இந்த வாரமே பாருங்கள். உங்கள் வார்டு எண் என்ன, கவுன்சிலர் யார், பகுதி சபை எப்போது கூடுகிறது என்று விசாரித்து வையுங்கள். தலைவருக்காக ஆறு மணி நேரம் நிற்க முடிந்த உங்களால், உங்கள் தெருவுக்காக ஒரு மணி நேரம் கட்டாயம் உட்கார முடியும்.