ஓர் ஒளிக்கீற்றைக் காணச் சென்றோம்

உளுந்தூர்பேட்டை, விழுப்புரம் வழியாக எங்கள் பேருந்து ஆரோவிலை அடைந்தபோது காலை மணி ஒன்பது. பத்தாம் வகுப்பு மாணவியர் 38 பேர், இரண்டு சிஸ்டர்கள், பூகோள டீச்சர் ஆகியோர் இறங்கினோம். வழியெல்லாம் பாடிக்கொண்டே வந்த எங்களுக்கு, "உள்ளே ஒரு சொல்லும் பேசக் கூடாது" என்ற விதியைக் கேட்டதும் சிரிப்புத்தான் வந்தது.

மாத்ரி மந்திருக்கு அடிக்கல் நாட்டப்பட்டது 1971 பிப்ரவரி 21-ஆம் நாள். பணி நிறைவுற்றது 2008-இல். முப்பத்தேழு ஆண்டுகள்! ரோஜர் ஆஞ்சே என்ற பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் வடிவமைத்த பொன்னிறக் கோளம் அது. உண்மையைச் சொன்னால், தூரத்திலிருந்து எங்கள் கண்ணுக்குப் பெரியதோர் லட்டு போலவே தெரிந்தது.

வெள்ளைக் காலுறை அணிந்து, சாய்தளத்தில் ஏறி உள்ளறையை அடைந்தோம். பளிங்குச் சுவர்கள், பன்னிரண்டு தூண்கள், வெண் கம்பளம். நடுவே 70 சென்டிமீட்டர் விட்டமுள்ள படிகக் கோளம். ஜெர்மனியின் சைஸ் நிறுவனம் செய்தது. கூரைமேல் ஒரு கண்ணாடி சூரியனைப் பின்தொடர்ந்து திரும்பி, ஒரே ஒரு கதிரை நேரே கீழே அனுப்புகிறது. அக்கதிர் கோளத்தில் விழுகிறது. அவ்வளவுதான்! முதலில் இருட்டாகவே இருந்தது. சிறிது சிறிதாகத் தோழியரின் முகங்கள் தெரியலாயின. வகுப்பில் வாய் ஓயாதவளும் இமைக்காமல் அமர்ந்திருந்தாள்.

வெளியே வந்ததும் வெள்ளிமலைத் தோழி சொன்னாள்: "எங்க ஊர்ல மார்கழிக் காலையில பனிக்குள்ள வெயில் இப்படித்தான் இறங்கும். யாரும் வரிசையில நின்னு பாக்கிறதில்ல." கல்வராயன் மலையை நாங்கள் பார்த்த அழகு அவ்வளவுதான்!

ஒருத்தி மட்டும் எங்களுடன் வரவில்லை. "பெயரிலேயே மந்திர் இருக்கிறதே, ஞானஸ்நானம் பெற்ற பிள்ளை அங்கே போய் உட்காருவதா?" என்று அவள் தந்தை அனுமதிக் கடிதத்தில் கையொப்பமிட மறுத்துவிட்டார். அங்கே சிலையோ, பூவோ, ஊதுவத்தியோ இல்லை, எம்மதத்துக்கும் உரிய இடமன்று என்று சிஸ்டர் எடுத்துச் சொல்லியும் அவர் இணங்கவில்லை. 2003-இல் லண்டன் டேட் மாடர்ன் கலைக்கூடத்தில் ஓலாஃபர் எலியாசன் செயற்கைச் சூரியன் ஒன்றை அமைத்தாராம். மக்கள் தரையில் படுத்துப் பார்த்தார்களாம். அதைக் கலை என்கிறோம், இதை என்னவென்பது? நற்கருணைப் பேழையின் முன் நிலவும் அமைதி போன்றதொன்றை அங்கே உணர்ந்தோம் என்பதும் உண்மை. ஆகவே அந்தத் தந்தையை அறியாதவர் என்று தள்ள எங்களால் முடியவில்லை. உளுந்தூர்பேட்டை வரை வாதிட்டும் முடிவு காணவில்லை.

திங்கட்கிழமை அவள், "எப்படிடி இருந்துச்சு?" என்றாள். 38 பேரும் 38 விதமாகச் சொன்னோம். அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. பகல் இடைவேளையில் ஆய்வுக்கூடத்துச் சன்னல்களை அடைத்தோம். விடுதியிலிருந்து வெள்ளைப் போர்வைகளைக் கொண்டுவந்து சுவரில் தொங்கவிட்டோம். தண்ணீர் நிரப்பிய உருண்டைக் குடுவையை மேசைமேல் வைத்தோம். ஒருத்தி தாழ்வாரத்தில் முகம் பார்க்கும் கண்ணாடியுடன் நின்றாள். கதவிடுக்கு வழியே வந்த கதிர் குடுவையில் பட்டதும் போர்வையெங்கும் ஒளி நடுங்கிற்று. வெயில் நகர நகரக் கண்ணாடியைத் திருப்ப வேண்டியிருந்தது. "கை வலிக்குதுடி!" என்று வெளியிலிருந்து குரல் வந்தது.

மறுநாள் அவள் தந்தை அதை வீட்டில் செய்துகாட்டச் சொன்னாராம். கண்ணாடியை அவரே பிடித்துக்கொண்டாராம்.